பதினேழு பொட்டலங்களும் ஒரு சோடிச் சப்பாத்தும்

நடந்தவை, வரிசையாக:

1. இருபத்துநான்கு கிழமைக் கர்ப்பிணி ஒருவரின் இரத்தத்தில் ஈயம் இருந்தது.
2. அவர் இலங்கைத் தமிழர் என்று தெரிந்ததும் காரணம் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது.
3. அவருடைய குசினியிலிருந்தும் சாமி மாடத்திலிருந்தும் பதினேழு பொட்டலங்கள் எடுக்கப்பட்டன.
4. பதினேழும் சுத்தம்.
5. ஈயம் ஏறியது.
6. நான் ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கேட்க எனக்கு நான்கு கிழமை எடுத்தது.
7. சில வருடங்களின் பின் எங்கள் ஆய்வுகூடம் மூடப்பட்டது. மேலே உள்ள ஆறுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இயந்திரங்களுக்கு மெல்பேர்ன் காலநிலை ஒத்துவருமாம்.

சிட்னியிலுள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் ‘ஓய்வுபெற்றோர் பக்கம்’ என்று ஒன்று உண்டு. போன வருடம் அதில் எழுதியவர் எழுபத்தொன்பது வயதான முன்னாள் தபாலதிபர். இந்த வருடம் நான். எனக்கு முப்பத்தொன்பது. வயதைச் சொல்லி மறுத்துப் பார்த்தேன். "வேலை போயிட்டுதுதானே பிள்ளை, அப்ப ஓய்வுதானே" என்றார் மலர்க்குழுத் தலைவர் அங்கிள். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வந்த கடிதத்திலும் ‘தன்விருப்ப விலகல்’ என்றுதான் இருந்தது. யாருடைய விருப்பம் என்று எழுதவில்லை.

கடைசிக் கிழமை, என்னோடு வேலை செய்த இளையவர்கள் இருவருக்கு இயந்திரத்தைப் பற்றி நாற்பத்தொரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாதது ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். கையேட்டில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு சிறு குறைதான்.

வேலை இதுதான். இரத்தத்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் போன்ற பார உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது. இரத்தத்தை நீர் சேர்த்து ஐதாக்கி, ஆர்கன் வாயுச் சுவாலைக்குள் தெளித்தால், மறுபக்கத்தில் ஓர் எண் வரும். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடங்கள் அந்தச் சுவாலைக்குள் என்ன நடக்கிறது என்று படித்தேன். வேலையில் முதல் வருடம் முழுக்க, பிளாஸ்டிக் குப்பிகளை நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். பட்டமளிப்பு விழாவில் இதை யாரும் சொல்லவில்லை.

பிரிவின் தலைவர் ஹெலன். முப்பது வருடமாக அதே கதிரை. அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. "சுவாரசியம்" என்பார். அந்த ஒரு சொல்லில் மூன்று தரங்கள் இருந்தன. தலையை நிமிர்த்திப் புருவத்தை உயர்த்திச் சொன்னால், நீங்கள் பிழை விட்டிருக்கிறீர்கள். நிமிராமல் சொன்னால், அந்தப் பிழை ஏற்கெனவே வெளியே போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னால், நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும்.

இரண்டாம் தரத்தை வந்த மூன்றாம் மாதமே பெற்றேன். உலோகப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவென்று கடும் நீல மூடி போட்ட தனிக் குழாய் உண்டு. உலோகம் கலக்காமல் செய்யப்பட்டது. மற்றக் குழாய்களின் இறப்பர் மூடியிலிருந்தே உலோகம் இறங்கிவிடும். ஒரு கர்ப்பிணியின் இரத்தம் பிழையான மூடியோடு வந்தது. எண் மட்டும் கண்ணில் பட, மூடி கண்ணில் படவில்லை. அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் சனியும் ஞாயிறும் வீட்டில் அழுதுகொண்டிருந்ததைத் திங்கட்கிழமை அவருடைய மருத்துவர் சொன்னார். "சுவாரசியம்" என்றார் ஹெலன், நிமிராமல். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "மன்னிப்பில் தொடங்காதே. எந்த எண் பிழை, ஏன் பிழை, சரியானது எப்போது வரும். இந்த மூன்றையும் சொல். அதற்குப் பிறகு உன் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்."

அன்றிலிருந்து நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூடியைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சோடாப் போத்தலுக்கும் அப்படித்தான்.

அடுத்தது என் புகழின் கதை. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

வென்ட்வேர்த்வில்லில் இருந்து எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர். இரத்தத்தில் பாதரசம் அளவுக்கு மேல். பாதரசம் என்றால் முதலில் மீனைக் கேட்பார்கள். பொதுச் சுகாதாரத் தாதி ஜூடி, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரு மணித்தியாலம் விசாரித்து, அழகான கையெழுத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பினார். ‘மீன்: கிழமைக்கு ஒருமுறை. தேங்காய் சேர்த்த வறுவல்: தினமும்.’ ஹெலன் படிவத்தை என்னிடம் நீட்டினார். தேங்காயில் பாதரசம் இருக்கிறதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"இது வறை" என்றேன். "எதில் செய்த வறை என்று கேட்க வேண்டும்."

ஜூடி திரும்பக் கேட்டார். பால்சுறா. பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த தாயார், பால் சுரக்க வேண்டும் என்று இரண்டு மாதம் முந்தியே தொடங்கிவிட்டார். சுறா பெரிய மீன். சின்ன மீன்களின் பாதரசம் எல்லாம் அதன் உடம்பில் சேர்ந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் அது மீனுமல்ல. மீன் என்றால் குழம்பு. வறை என்றால் வறை. சுறாவை நிறுத்தினார்கள், பாதரசம் இறங்கியது, பிள்ளை சுகமாகப் பிறந்தது. தாயார் மட்டும் கடைசிவரை நம்பவில்லையாம்: "நாலு பிள்ளைக்கும் இதைத்தான் திண்டனான், நாலும் என்ஜினியர்."

அன்றிலிருந்து ஆய்வுகூடத்தில் நான் தமிழ்க் குசினி நிபுணர். பரமட்டாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் வறை பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். குசினிக்குள் ஒருமுறை விடை கிடைத்தால், அடுத்தமுறையும் எல்லோரும் குசினிக்குள்ளேதான் போவார்கள் என்பதை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் சேர்க்கவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

அடுத்தமுறை வந்தவர் சுகந்தி.

வயது இருபத்தொன்பது. முதல் பிள்ளை. கணவர் தயாபரன், படகில் வந்தவர், தற்காலிக விசா. இருவரும் வென்ட்வேர்த்வில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். இரும்புச் சத்து மாத்திரை போட்டும் சுகந்திக்கு இரத்தச் சோகை தீரவில்லை, வயிற்றுவலியும் இருந்தது. அவருடைய இளம் மருத்துவர் கவனமானவர். பார உலோகங்கள் என்ற பெட்டியிலும் ஒரு சரி போட்டு அனுப்பினார்.

டெசிலீட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டினால் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும். சுகந்திக்குப் பதினெட்டு. மூடியைப் பார்த்தேன்: கடும் நீலம். மறுபடி ஓட்டினேன். பதினெட்டு.

ஈயம் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும். இடையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. கரு அதைக் கல்சியம் என்று நினைத்து வாங்கி, எலும்பில் வைத்துக்கொள்ளும்; மூளையும் அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த அளவில் தாய்க்கு மருந்து கொடுத்து ஈயத்தை எடுப்பதில்லை. செய்யக்கூடியது ஒன்றே: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது. பிள்ளை பிறக்க இன்னும் பதினாறு கிழமை இருக்கலாம். கெடு அவ்வளவுதான்.

ஜூடி விசாரித்தார். தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர், நல்ல தமிழ். படிவம் எங்களிடம் வந்தது. நாட்டு மருந்து: இல்லை. வீட்டின் வயது: புதிது. தண்ணீர்: குழாய்த் தண்ணீர். மண் தின்னும் ஆசை: இல்லை. தாயின் தொழில்: வீட்டில். கணவரின் தொழில்: கிளீனர். உணவு என்ற பகுதி மட்டும் இரண்டு பக்கம் போயிருந்தது.

ஹெலன் வாசித்தார். என்னிடம் தந்தார். நானும் வாசித்தேன். இரண்டு பக்க உணவுப் பட்டியலில் ஒன்பது இடத்தில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். நிபுணர் அல்லவா.

ஜூடி ஒரு நீலப் பையோடு சுகந்தியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிளகாய்த்தூள். கடையில் வாங்கிய மிளகாய்த்தூள். மஞ்சள், கட்டியாகவும் தூளாகவும். சரக்குத்தூள். மல்லி, சீரகம், பெருங்காயம். குங்குமம் இரண்டு நிறத்தில். கண்மை. சந்தனம். சாம்பிராணி. திருநீறு. மிச்சத்தை விடுகிறேன், பதினேழு. குத்துவிளக்கையும் ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பைக்குள் போட்டிருந்தார். அதைப் பதினேழில் சேர்க்கவில்லை.

பகிடி பண்ணுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மஞ்சளில் ஈயம் கலப்பதுண்டு. குங்குமத்திலும் கண்மையிலும் இருப்பதுண்டு. தேட வேண்டிய இடங்கள்தான். ஆனால் தேடிய இடங்கள் அவை மட்டும்தான்.

ஒவ்வொன்றிலும் அரைக் கிராம் நிறுத்து, அமிலம் ஊற்றி, மூடி, சூடாக்கிக் கரைத்து, ஐதாக்கி, ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பத்துக்கும் வெறும் தண்ணீர் ஒன்று, அளவு தெரிந்த மாதிரி ஒன்று. எங்கள் இயந்திரம் இரத்தத்துக்கானது. இதையெல்லாம் வழக்கமான வேலை முடிந்த பிறகுதான் போடலாம். அமிலம் பட்டதும் திருநீறு புஸ்ஸென்று நுரைத்தது. பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். திருநீற்றில் சுண்ணாம்பு உண்டு, அதில் அமிலம் பட்டால் நுரைக்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் மூன்று நாட்களுக்கு அந்தத் திருநீறுதான் முதல் சந்தேகநபர்.

முடிவுகள் வர மூன்று கிழமைக்கு மேல் ஆனது. பதினேழும் சுத்தம். நான் வாங்கும் மிளகாய்த்தூளை விடச் சுத்தம். ஒப்பீட்டுக்காக என்னுடையதையும் போட்டுப் பார்த்திருந்தேன்.

இதற்கிடையில் சுகந்திக்கு அவை எல்லாவற்றையும் நிறுத்தும்படி சொல்லியிருந்தார்கள். நான்காவது கிழமை மறுபடி இரத்தம் எடுத்தபோது எண் இருபத்தொன்று.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். நான் கதவைச் சாத்தினேன்.

"இன்னொருமுறை எடுக்க வேண்டும்" என்றார். "இரண்டு குழாய். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு. முதல் குழாயை எறிந்துவிடு. தோலிலிருந்து வரவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். நீயே கீழே போய் எடு."

இரத்தம் எடுக்கும் அறை கீழ்த்தளத்தில். சுகந்தி சாய்வுக் கதிரையில் இருந்தார். நெற்றியில் பொட்டில்லை. என் பெயர் அட்டையை வாசித்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அக்கா நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"அம்மாவும் அப்பாவும். நான் இஞ்ச வளந்தனான். கையை நீட்டுங்கோ."

"தமிழ் வடிவாக் கதைக்கிறியள்." கையை நீட்டினார். "அக்கா, நான் மஞ்சளை விட்டுட்டன். தூளை விட்டுட்டன். பொட்டும் வைக்கிறேல்லை. அவிச்ச கிழங்கும் உப்பும்தான். இனி என்னத்தை விடுறது, சோத்தையோ?"

"சோத்தை விடாதேங்கோ."

"நான் சமைச்சதாலதானோ அக்கா பிள்ளைக்கு?"

இந்தக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் இருந்து வருபவர் பதில் சொல்லக்கூடாது. விதி. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நோயைப் பற்றி நோயாளியோடு சொந்த மொழியில் பேசவும் கூடாது. அதுவும் விதி. ஊசி குத்தும்போது கவனத்தைத் திருப்ப எதையாவது பேசலாம். பேசினேன்.

"வீட்டுக்காரர் வரேல்லையோ?"

"அவருக்கு லீவு இல்லை. கிளீனிங்."

"ஒபிஸோ, பள்ளிக்கூடமோ?"

"வீடு அக்கா. பழைய வீடுகள்."

"கூட்டித் துடைக்கிறதோ?"

"சீச்சீ, உள்ளுக்கு விடமாட்டினம். வெளிச் சுவர். பழைய பெயின்ற்றை மெசினால சுரண்டுறது. வீட்டுக்கு வரேக்க மா ஆலையில நிண்ட ஆள் மாதிரி வெள்ளையா வருவார். நான் உடுப்பைப் பல்கனியில வைச்சு உதறு உதறெண்டு உதறித்தான் மெசினில போடுறனான். இல்லாட்டி மெசின் அடைச்சுப்போடும்."

குழாய் நிரம்பியதைக் கவனிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதை அண்டைக்குப் போனில சொல்லேல்லையோ?"

"என்ன தொழில் எண்டு அந்த ஐயா கேட்டவர். கிளீனிங் எண்டனான். வேற என்னெண்டு சொல்லுறது? எல்லாரும் அதுதானே."

எல்லோரும் அதுதான். வென்ட்வேர்த்வில்லில் கிளீனிங் என்பது வேலையின் பெயர் அல்ல. இதற்கு மேல் கேட்காதீர்கள் என்பதன் பெயர். இறைச்சி வெட்டுவதும் கிளீனிங். கோழிப் பண்ணையில் நிற்பதும் கிளீனிங். கார் பற்றரி உடைக்கும் இடத்தில் நின்ற ஒருவர் என் சித்தப்பாவிடம் பெண் கேட்டு வந்தபோது அவரும் கிளீனிங்தான். இது சென்னை மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. ஜூடிக்குத் தெரியாது. ஹெலனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படிவத்தை வாசித்து, அந்த வரியைத் தாண்டி, உணவுப் பட்டியலில் ஒன்பது அடிக்கோடு போட்டேன்.

சிட்னியின் பழைய மரவீடுகள் பத்திரிகைகளில் மிக அழகாக இருக்கும். அவற்றின் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது; ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தலைமுறைப் பூச்சு. அதை நனைத்து, மூடி, முறையான முகக்கவசத்தோடு அகற்ற வேண்டும். சொந்தக்காரர்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் அகற்றுகிறார்கள், தங்கள் பிள்ளைகளுக்காக. தயாபரனுக்குக் கடதாசி முகமூடி கொடுத்திருந்தார்கள். சுரண்டுவது என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு கருத்தும் உண்டு என்பதை அவருடைய முதலாளிக்கு யாராவது சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

"அப்ப சமைச்சதால இல்லையோ?" என்று சுகந்தி மறுபடி கேட்டார்.

"இல்லை" என்றேன். விதி மீறல் ஒன்று, மொழி தமிழ்.

மேலே போனேன். ஹெலன் குழாயை வாங்கி மூடியைப் பார்த்தார்.

"அவளோடு என்ன பேசினாய்?"

"காலநிலை."

"நல்லது. எனக்குத் தமிழ் தெரியாது. காலநிலை எப்படி இருக்கிறது?"

சொன்னேன். அவர் படிவத்தை எடுத்து, தொழில் என்ற வரியில் விரலை வைத்தார். "கிளீனர் என்பதை நானும் வாசித்தேன். எனக்குச் சந்தேகம் வராதது இயல்பு. உனக்கு?"

அன்றைக்கு "சுவாரசியம்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹெலன் அறிக்கையின் குறிப்புப் பகுதியில் ஒரே வரி எழுதினார்: கணவரின் இரத்தத்தையும் வேலை உடுப்பையும் உடனே பரிசோதிக்கவும். பிறகு மருத்துவரையும் ஜூடியையும் தானே அழைத்தார். ஜூடி தயாபரனை அழைத்தார். தயாபரன், தான் சுகமாக இருப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு முறை. மூன்றாம் நாள் சுகந்தி அவரை நேரே கூட்டிக்கொண்டு வந்தார். இரத்தம் எடுக்கப்போனது நான். இம்முறை மொழிபெயர்ப்பாளர் ஒலிபெருக்கியில் இருந்தார். முதல் ஐந்து நிமிடத்தின் பின் அவருக்கு வேலை இருக்கவில்லை.

"இந்த இரத்தம் எங்கையெல்லாம் போகும் டொக்டர்?"

"மேல்மாடிக்கு. நான் டொக்டர் இல்லை."

"ஓம் டொக்டர். அதுக்குப் பிறகு?"

"சுகாதாரப் பகுதிக்கு. வேலை இடத்தைப் பார்க்கிற ஆக்களுக்கு."

"இமிக்ரேசனுக்கு?"

"இமிக்ரேசனுக்கு ஈயத்தில அக்கறை இல்லை."

அவர் சிரிக்கவில்லை. கையை மடியிலேயே வைத்திருந்தார். "பேர் வெளியில வந்தா முதலாளி விடமாட்டான். வேலை இல்லையெண்டா விசாக் கேசில என்னத்தைக் காட்டுறது?"

"கையை நீட்டுங்கோவன்" என்றார் சுகந்தி. "கடல்ல வரேக்க பயப்பிடேல்லை. ஒரு ஊசிக்கு என்ன பயம்?"

"கடல்ல வரேக்க நான் தனி ஆள்."

ஒலிபெருக்கியில் சென்னைக்காரர் தொண்டையைச் செருமினார். தயாபரன் என்னைப் பார்த்தார். "நான் சுரண்டினது பிள்ளைக்குப் போயிருக்கோ?"

"போயிருக்கு."

"இனியும் போகுமோ?"

"இண்டைக்கு நிப்பாட்டினா இனி வாறது குறையும். போனது போனதுதான்."

அவர் கையை நீட்டினார். நகக் கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் மூன்று முறை துடைத்தேன். மூன்றாவது பஞ்சும் சாம்பல் நிறமாகத்தான் வந்தது.

அவருடைய ஈயம் நாற்பத்தேழு. வேலைக்குப் போடும் சப்பாத்தை ஜூடி சொன்னபடி இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அடியைத் துடைத்த துணியை ஓட்டியபோது இயந்திரம் அளவைத் தாண்டிவிட்டது என்று நின்றுவிட்டது. நூறு மடங்கு ஐதாக்கி மறுபடி போட வேண்டியிருந்தது. அந்தச் சப்பாத்தை அவர் தினமும் கழற்றி வைத்த இடம் குசினிக் கதவடி. ஜூடி மஞ்சள் தூள் எடுக்கப் போன அன்று அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறார்.

அடுத்து நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. இருவரும் லிட்கமில் சுகந்தியின் ஒன்றுவிட்ட தமக்கை வீட்டுக்கு மாறினார்கள். வென்ட்வேர்த்வில் வீட்டை ஈரத் துணியாலும் விசேட தூசி உறிஞ்சியாலும் சுத்தம் செய்தார்கள். அதுதான் அந்தக் கதையில் உண்மையான கிளீனிங். வேலைத்தளத்தைப் பார்வையிட அதிகாரிகள் போனார்கள். அதற்குள் அங்கே புத்தம்புது முகக்கவசங்கள் வரிசையாகத் தொங்கின, விலைச் சீட்டோடு. தயாபரனை முதலாளி நிறுத்தவில்லை. அடுத்த கிழமை வரச் சொன்னார். அதற்கடுத்த கிழமையும் அப்படியே சொன்னார்.

சுகந்தி ஒருமுறை என்னிடம் கேட்டார்: "அக்கா, இனி மஞ்சள் போடலாமோ?"

"போடுங்கோ."

"பொட்டு?"

"வையுங்கோ."

"அப்ப ஏன் முதல்லயே அதுகளை நிப்பாட்டினவை?"

பிழையான எண்ணைத் திருத்த எனக்கு ஒரு முறை இருந்தது. எது பிழை, ஏன் பிழை, சரியானது எப்போது வரும். எது பிழை என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்: படிவத்தை நான் வாசித்தேன், கேட்டிருக்க வேண்டியது நான், கேட்கவில்லை. மூன்றாவதின் இடத்தில் மன்னிப்புக் கேட்டேன். சுகந்தி, "நீங்கள் எண்டாலும் கேட்டியள்" என்றார். அது மன்னிப்பா குற்றச்சாட்டா என்று இன்றைக்கும் தெரியாது.

இருபத்தொன்று பதினேழாகி, பதினான்காகி, பன்னிரண்டானது. முப்பத்தெட்டாவது கிழமையில் பெண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி இரத்தம் கடும் நீல மூடியோடு என் மேசைக்கு வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சுகந்தியின் குழந்தை’ என்று இருந்தது. இரண்டு முறை ஓட்டுவது விதி. நான் மூன்று முறை ஓட்டினேன். ஹெலன் பின்னால் வந்து நின்றார்.

"எத்தனை?"

"பதினொன்று."

"மூன்று முறையுமா?"

"மூன்று முறையும்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

படிவத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தொழில் என்ன என்று கேட்க வேண்டாம். நேற்று வேலையில் கையால் என்ன செய்தீர்கள், உடுப்பை எங்கே கழற்றினீர்கள், யார் கழுவினார்கள் என்று கேளுங்கள். அது ஒரு குழுவுக்குப் போனது. குழு நான்கு முறை கூடியது. ‘தொழில்’ என்ற பெட்டி ‘தொழில், விபரமாக’ என்று மாறியது. ஒரு சொல்லுக்கு நான்கு கூட்டம். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சீர்திருத்தம் அது.

இப்போதைய நிலை இது. எங்கள் இயந்திரங்கள் மெல்பேர்னில். சிட்னியின் இரத்தம் விமானத்தில் போய் வருகிறது. ஹெலனும் விலகிவிட்டார், ஓய்வுபெறும் வயதில். தயாபரன் லிட்கமில் ஒரு பேக்கரியில் நிற்கிறார். கேட்டால் பேக்கரி என்றே சொல்கிறார். அவருடைய ஈயம் இன்னும் பத்துக்கு மேல்தான். எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் இறங்கும். விசா முடிவு வரவில்லை. மகளுக்கு மூன்று வயது. கடைசிப் பரிசோதனையில் ஈயம் இரண்டு. வளர்ச்சிக் கிளினிக்கில் ‘வயதுக்கு ஏற்றபடி’ என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் மிளகாய்த்தூளை விசாரித்துக்கொண்டிருந்த நான்கு கிழமையில் அவளுக்குள் போனது எவ்வளவு, அது எதையாவது எடுத்துக்கொண்டு போனதா என்று அளக்க எந்த ஆய்வுகூடத்திலும் முறை இல்லை. பள்ளிக்கூடம் தொடங்குமுன் அவளை மறுபடி பார்ப்பார்கள்.